நாலாம் எண்

குலசேகரத்தில் மழை இருட்டினால் கரண்ட் போய்விடும்.
அதனால் காலை ஏழுக்கே தொடங்கிவிடுகிறோம்.
பெனிட்டா எலியைத் தூங்கவைப்பாள்.
நான் வயிற்றைத் திறந்து
குடலை ஈரப்பஞ்சில் ஒதுக்கி
வாயில்சிரையைத் தேடி
அளவுக்கொக்கியை மாட்டுவேன்.
சேமியா கனம். ஊதா.
குடல் வாங்கியதையெல்லாம்
ஈரலுக்குக் கொண்டுபோகும் ஒற்றைக் கால்வாய்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு மில்லி என்றது திரை.

ஊசிக்குழலில் காத்திருந்தன உறைகள்.
கடல்பாசிக் கூழில் உருட்டிய மணிகள்,
ரவையினும் சிறியவை,
ஒவ்வொன்றுக்குள்ளும் சில நூறு ஈரல் செல்கள்
அந்நிய உடம்பின் காவலுக்குத் தெரியாமல்
உயிரோடு.

முதல் கூட்டத்துக்குச் சிரை வழியே.
மெதுவாகத்தான் அழுத்தினேன்.
பன்னிரண்டு. பத்து. ஏழு.
ஈரலின் ஓரம் திட்டுத்திட்டாக வெளுத்தது.
ஐந்தில் பெனிட்டா "போதும்க்கா" என்றாள்.
அதுவரை யாரும் கவனிக்காத தமனி
பக்கத்தில் பெருத்து வந்து
ஒரு பங்கு ஈடுகட்டியது.
முழுப்பங்கு அல்ல.
நாலாம் எண் எழுந்திருக்கவில்லை.

இரவு ஞானதாஸிடம் சொன்னேன்.
அனந்தனார் கால்வாயில் அவருக்கு லஸ்கர் வேலை,
சட்டைப்பையில் எப்போதும் மதகுச் சாவி.
"பாலத்துக்கடியில ஆகாயத்தாமரை அடைச்சா இப்படித்தான்.
மேல வெள்ளம் ஏறும்.
கடைவரம்புல கும்பப்பூ காயும்.
ரெண்டு பக்கத்து ஏச்சும் எனக்கு."
மேலே ஏறித்தான் இருந்தது:
மண்ணீரல் வீங்கி, குடல் சிவந்து.
அதைச் சொல்வதற்குள்
இன்னும் கொஞ்சம் சம்மந்தி கேட்டார்.

இரண்டாம் கூட்டத்துக்கு வயிற்றறையில் சும்மா தூவினோம்.
பன்னிரண்டு பன்னிரண்டு பன்னிரண்டு,
நோட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்.
ஏழாம் நாள் திறந்தபோது
மணிகள் உடையாமல் அழகாக உருண்டு கிடந்தன.
சாயம் விட்டுப் பார்த்தேன்:
பாதிக்குமேல் சிவப்பு.
சிவப்பு என்றால் செத்தது.
எந்தக் கால்வாயும் அவற்றைத் தேடிப் போகவில்லை.

மண்ணீரலில் வைத்த மூன்றாம் கூட்டம் பற்றி
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
பத்தாகி, மூன்று நாளில் பதினொன்றாகி நின்றது.
சில மணிகள் ஈரலுக்குப் போயின,
சில வழியிலேயே தங்கின.

தலைமை டாக்டர் அட்டவணையைப் பார்த்து
பேனாமுனையால் ஒரு வரியைத் தட்டினார்.
"மயக்கமருந்துல போயிருக்கும். நாலை எடுத்துடலாமே?"
நான் நாலை எடுக்கவில்லை.
பெனிட்டா அடுத்த அறைக்குப் போய்
வெகுநேரம் கூண்டு கழுவினாள்.

ஞானதாஸுக்கு எலியில் அக்கறை கிடையாது.
ஆனாலும் மறுநாள் பைக்கை உதைக்கும்போது கேட்டார்:
"ஷட்டரை ஒரேயடியாவா தூக்குன?
ஒரு திருகு திறக்கணும் பிள்ளே.
கரையில நின்னு ஒரு பீடி.
பொறவு அடுத்த திருகு."

இன்று பத்தொன்பதாம் எண்.
மறுபடி சிரை வழி.
பத்தில் ஒரு பங்கு மணிகளைச் செலுத்திவிட்டு
கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
பீடி குடிக்காதவளுக்கு
ஒரு பீடி எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை.
பத்து என்று வைத்துக்கொள்கிறேன்.
பன்னிரண்டு. பதினொன்றரை. பன்னிரண்டு.
அடுத்த பங்கு.
பதினொன்று.
பதினொன்று.

தகர ஓட்டில் மழை விழுகிறது.
யுபிஎஸ் இரண்டு முறை கீச்சிட்டு அணைகிறது.
பெனிட்டா டார்ச்சைத் தேட,
கட்டைவிரலை ஊசிக்குழலின் தலையில் வைத்தபடி
அழுத்தாமல்
எடுக்காமல்
நிற்கிறேன்.