ஏழாம் தட்டு: தெளிவில்லை

மிஞ்சியிருப்பது பதினோரு நிமிடம்.
வின்னிப்பெக் ஆவணக் கிடங்கில்
பூசணம் துடைத்து நான் ஊசி வைத்தபோது
முதலில் வந்தது குரலல்ல, கூட்டம்.
நாலாயிரம் பேர் ஒரே மூச்சில் எழுந்து
முனகிக்கொண்டே உட்காரும் ஓசை.

அதை வீடுகளுக்குள் விட்டவன் இவன்தான்.
ஹாக்கி அரங்கின் உத்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு.
மூச்சுப் பட்டால் மங்கிவிடும்.
தொப்பியால் துடைத்துத் துடைத்து அலுத்து
ஓரிரவு முழங்கையால் உடைத்தான்.
பொறியாளர் திட்டியதும் சேர்ந்தே ஒலிபரப்பாயிற்று.
அந்த வாரம் எழுபது கடிதங்கள்:
"சன்னலை மூடிவிடாதீர்கள்."

லைசர் பொக்ரபின்ஸ்கி.
நிலையத்தார் வைத்த பெயர் லெஸ்லி போப்.
"ஊரில் இத்தனை பெயர் இருக்க
யூதன் பிள்ளைக்குப் போப்பா கிடைத்தது?"
கோதுமைச் சாக்கின் கிழிசலைத் தைத்தபடி
அப்பா நாஹும் கேட்டாராம்.
ஒரு தடவைதான். பிறகு கேட்கவில்லை.

அவன் வாழ்நாளில் சறுக்குக் காலணி கட்டியதில்லை.
பன்னிரண்டு வயதில் ஒடெசாவில் கப்பலேறி வந்தவன்
ஆங்கிலம் படித்தது செயின்ட் போனிஃபஸ் மாட்டுச் சந்தையில்,
ஏலக்காரன் வாயிலிருந்து.
ஆகவே அவன் வருணனையில்
பக் சறுக்குவதில்லை, விலை ஏறுகிறது:
இதோ மக்லீரி, மக்லீரி, துபேயிடம், துபே துபே துபே,
யாருக்கு, யாருக்கு,
விற்றாச்சு!

கோலுக்கு அதுதான் அவன் சொல்.
டபிள்யூ அவன் நாக்கில் வீயாகிவிடும்.
(என் நாக்கிலும்தான். நாற்பது வருஷமாக.)
"இங்கிலீஷ் தெரிந்தவன் ஒருத்தனும் அகப்படவில்லையா?"
என்று எழுதியவர்களும் உண்டு.
மாவுக் கம்பெனிக்காரர் அந்தக் கடிதங்களைப் படித்தார்,
விற்ற மூட்டைகளை எண்ணினார்,
அவனையே வைத்துக்கொண்டார்.
மைனஸ் நாற்பதில், லாரி பேட்டரியைக் கழற்றி வந்து
அடுப்பருகே ரேடியோவுக்குக் கொடுத்த விவசாயிகள்
அவனைப் போப் ஐயா என்றே அழைத்தார்கள்.

சனிக்கிழமைதான் தகராறு.
டிசம்பரில் தொல்லையில்லை, நாலரைக்கே இருட்டு.
மார்ச் கடைசியில் வெளிச்சம் லேசில் போகாது.
ஏழரைக்கு ஆட்டம் தொடங்கும்.
வானில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வுநாள்.
மகன் மீறினான். அப்பா மீறவில்லை.
செல்கர்க் தெரு வீட்டில், ரேடியோவின் முன்னால்,
கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.
முதல் கோல்கள் எல்லாம்
அவருக்கு எப்போதும் பழைய செய்தி.

இனி தட்டுக்கு வருகிறேன்.
ஒன்பதாவது நிமிடத்தில் இரண்டு மூன்று சொற்கள்.
அட்டையில் எனக்கு முன்னிருந்தவர் எழுதியிருக்கிறார்:
"தெளிவில்லை. உளறலாக இருக்கலாம்."
முதியோர் இல்லத்தில் ஃப்ரூமா அம்மாளிடம் போட்டுக் காட்டினேன்.
"டாட்டெ, டிரை ஷ்டெர்ன்.
அப்பா, மூணு நட்சத்திரம்."

ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூவரைச் சொல்வார்களே,
அந்த மூன்றோ என்றேன்.
முதல் பாதியிலேயா, என்று சிரித்தாள்.
அப்புறம் சிரிப்பு நின்றது.
கூரையில் காற்றுக்காகத் திறந்த பலகை ஒன்று இருந்ததாம்,
உத்தரத்தில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் எட்டும் வானம்.

"அணைத்து வைத்த ரேடியோவுக்கா சொன்னான், மடையன்?"

தெரியாது அம்மா.
பக்கத்து வீட்டு உக்ரேனியருக்கும் ரேடியோ உண்டு,
சுவரும் பலகைச் சுவர்தான் என்கிறார்கள்.
கேட்டாரா என்பதற்கு அட்டையில் இடமில்லை.

அதன்பின் நான்கு நொடி மௌனம்.
வானொலியில் அது குற்றம்.
அவன் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
உடைந்த கண்ணாடி வழியே கூட்டம் எழுகிறது,
கூரை அதிர்கிறது,
கீழே ஏதோ நடந்துவிட்டது.
"விற்றாச்சு," என்கிறான் மெதுவாக,
வாங்கியது யாரென்று
பார்க்காமலே.