அளவு வந்ததா

முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள்.
கூட்டுறவுச் சங்கத்தின் பின்னறை,
யூரியா மூட்டைகள்தான் கதிரை.
சங்கத்துக் கிளாக் நான்; கை சும்மா இருக்காது.
கொப்பியில் கோடு கீறி
பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று
தலைப்புப் போட்டு நீட்டினேன்.

கொப்பி ஒரு சுற்றுப் போய்
வெள்ளையாகவே திரும்பி வந்தது.
பேனை மட்டும் ஐந்து கைச் சூட்டில்.

"மழையைப் பற்றிக் கதைக்கத்தானே வரச்சொன்னனீங்கள்,
மழைக்கு என்னத்துக்கு எங்கட பேர்?"
கேட்டவள் தட்டயமலை.
கண்ணிவெடி அகற்றும் வேலை;
நிலத்தை விரற்கடை விரற்கடையாக நம்பப் பழகியவள்.
பிழை என்னில்தான்.
என் அண்ணனும்
ஒரு பட்டியலில்தான் ஏறிப் போனான்.

தாளைக் கிழித்தேன்.
அடுத்ததில் ஊர்களை எழுதினேன்:
அம்பகாமம், ஒலுமடு, தட்டயமலை,
முத்தையன்கட்டு வலதுகரை, பேராறு.
எதிரே மில்லிமீற்றர்.

ஐப்பசி முழுக்கப் பெய்யவேண்டியது
இப்போது ஒரே இரவில் கொட்டிவிட்டுப் போகிறது.
வான்கதவு திறந்தது தெரியாமல்
முளைவிட்ட வயல் கீழ்க்கரையில் எத்தனை ஏக்கர் போனது.
மேலே எவ்வளவு விழுந்தது என்று
கீழே படுத்திருப்பவனுக்குத் தெரியவேண்டும்.
எங்கள் கொள்கை விளக்கம் இவ்வளவுதான்.

சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி,
குழிந்த அடியில் சீமெந்து ஊற்றி மட்டம் பார்த்து,
பள்ளிக்கூட அடிமட்டத்தை வெளியே ஒட்டினோம்.
முதல் மாதம் எல்லாம் பிழை.
வலதுகரைக்காரர் போத்தலை மாமரத்தின் கீழ் வைத்திருந்தார்.
ஒலுமடுவில் ஆட்டுக்குட்டி
பன்னிரண்டு மில்லிமீற்றரைக் குடித்துவிட்டது.
அதையும் அப்படியே எழுதிவைத்தேன்.

பிறகு கிருபைராசா வந்தான், டிப்பர் சாரதி,
இரவில் ஆற்று மணல் ஏற்றுகிறவன்.
ஆற்றைத் தோண்டுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று
இரண்டு பேர் எழும்பிப் போனார்கள்.
போன முதுகுகளைப் பார்த்துச் சொன்னான்:
"ராவில ஆத்துக்குள்ள நிக்கிறது நான்தான்.
தண்ணி ஏறுறது முதல் என்ர ரயருக்குத்தான் தெரியும்."
ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் இல்லை.
கிருபை மணலை விட்டுவிட்டான் என்று எழுத ஆசை.
விடவில்லை. குறைத்திருக்கிறேன் என்கிறான்;
லீசிங் கட்டி முடியட்டுமாம்.
ஆனால் கொப்பியின் மேலட்டையில்
யாரும் கேளாமல்
தன் பெயரைப் பெரிதாகப் போட்டவன் அவன் மட்டும்.

இப்போது பதினேழு ஊர்.
காட்டுக்குள் உடைந்து கிடக்கிற சிறுகுளத்தின் கட்டைத் திருத்த
வன இலாகாவுக்கு நாலு கடிதம்; பதில் இல்லை.
வரட்சி தாங்கும் என்று விதைத்த மூன்று நெல்லில்
ஒன்று தாங்கியது. எது என்று சொல்லமாட்டேன்,
அடுத்த போகத்தில் அது என்னைப் பொய்யாக்கும்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு விடியல்.
ஆறு மணிக்குப் பதினாறு அளவு வந்தது.
தட்டயமலை இல்லை.
ஆறேகால். போன் போகவில்லை.
"அளவு வந்ததா?" பேராறு கேட்டது,
அம்பகாமம் கேட்டது,
பிறகு ஒருவரும் கேட்கவில்லை.
எல்லாரும் வெளிக்கிட்டுவிட்டார்கள்.

ஏழு மணிக்கு அவள் வாசலில்
நாலு மோட்டார் சைக்கிள், ஒரு டிப்பர், நனைந்தபடி நான்.
பல்லுத் தீட்டியபடியே வெளியே வந்தாள்.
"ஆர் செத்தது?"
"உங்கட போன்," என்றான் கிருபை.
இரவு முழுக்கக் கரண்ட் இல்லையாம்.

போத்தலைக் குனிந்து பார்த்தது யார் என்று நினைவில்லை.
எண்பத்தாறு.
கிருபை அப்போதே கீழ்க்கரைக்கு அடித்தான்:
"மாட்டை அவிழுங்கோ."

"சீனி காணாது," என்று சொல்லிக்கொண்டே
அவள் அடுப்பு மூட்டப் போனாள்.
எத்தனை தேத்தண்ணி என்று
நின்றவர்களை எண்ணினேன்.
எழுதவில்லை.