இரண்டு புள்ளி மூன்றாம் கோரிக்கை

மணி ஏழு நாற்பது. உம்லங்கா மேட்டில்
ஐந்தாம் மாடி. ஜன்னலில் கப்பல் விளக்குகள்,
டர்பன் துறைமுகத்துக்குள் நுழைய முறைக்குக் காத்திருப்பவை.
ஒன்பதரைக்கு மின்சாரம் போகும்
என்று செய்தி வந்துவிட்டது.
அதற்குள் பிரிட்டோரியாவுக்குப் போய்ச் சேரவேண்டும்
தேசிகன் படையாச்சியின் வளையம்.

கரும்பாலைச் சாற்றுக் குழாயில் மாட்டுவது.
டொங்காட்டில், கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துக் கடைந்தார்.
மாதிரி ஒன்று என் மேசையில்
காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

வேர்டின் மேல்பட்டையில் ஆட்-இன்
முதலில் சாம்பலாய்ச் செத்துக் கிடந்தது.
தட்டி எழுப்பினேன்.
எழுந்ததும் சிவப்பாகச் சொன்னது:
'கோரிக்கை 2.3 காணவில்லை.'

காணத்தான் காணாது.
இரண்டு இருக்கிறது. மூன்று இருக்கிறது.
'கோரிக்கை 2,3 இவற்றுள் ஒன்றில் கூறியபடி'
என்று நாலாவது தொடங்குகிறது.
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
எவன் குடியிருக்கிறான்?

கழற்றி மாட்டினேன். மூடித் திறந்தேன்.
பாதுகாப்பு முறையில் திறந்தால் ஆட்-இன்னே வராது,
நோயாளியை வாசலில் நிறுத்திவிட்டு
வைத்தியம் பார்ப்பதுபோல.
டெம்ப்ளேட்டுக்கு வேறு பெயர் வைத்தேன்.
தற்காலிகக் கோப்புகளைக் கூட்டி அள்ளினேன்.
காணவில்லை, காணவில்லை.

மற்றபடி ஒழுங்கான ஜீவன் இது.
முதலில் 'ஒரு வளையம்' என்று சொல்லாமல்
'அந்த வளையம்' என்று எழுத விடாது.
வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது எனக்கு.
'அந்தச் சாவி எங்கே?' என்பார் வசீகரன்.
'எந்தச் சாவி? இன்னும் அறிமுகமே ஆகவில்லையே.'
பதிலுக்குக் கதவு சாத்தும் சத்தம்.

எட்டு இருபது. கேப் டவுன் உதவி எண்ணில்
லுக்கான்யோ என்றொருவர், வாயில் சாப்பாட்டோடு.
'நேற்றிரவு கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டதா?'
ஆமாம்.
'அப்படியானால் பாருங்கள்,
உங்களை எந்த நாட்டில் வைத்திருக்கிறது?'

தென்னாப்பிரிக்கா.

'அதுதான் கோளாறு' என்றார்.
இத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்திருக்கிறோம்.
யார் வைத்தார்களோ, ஒருவரும் சொல்லவில்லை.
இந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி.
இரண்டு, மூன்று என்று நான் அடுக்கியதை
இரண்டே கால் தாண்டிய ஓர் எண்ணாக
எண்ணிக்கொண்டது எந்திரம்.

அமெரிக்காவுக்கே திரும்பினேன், இரண்டு சொடுக்கில்.
விசா கேட்கவில்லை.
நாலாவது கோரிக்கை பச்சையானது.
ஆறாவது சிவந்தது:
'பிளவின் அகலம் 0 மி.மீ. பிளவின் அகலம் 5 மி.மீ.'

தேசிகன் எழுதியது 0,5.
வளையத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
பிளவு வழியாக நூல் நுழையும், விரல் நுழையாது.
பூஜ்யமும் இல்லை, ஐந்தும் இல்லை.
அங்கே போனால் இவர் வளையம் உடைகிறது.
இங்கே இருந்தால் என் வரிசை உடைகிறது.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி:
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பில் படித்ததில்
உதிராமல் ஒட்டியிருப்பது இவ்வளவுதான்.
மூச்சு விடும் இடத்துக்கும்
பின்னக் கணக்குப் போட்டு வைத்த மொழி.
கோரிக்கை எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியம்,
காலும் அரையுமாய் எட்டு வரி போய்
முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று.
சட்டம் அப்படி.

நாட்டுக்குத் திரும்பினேன்.
நாலாம் கோரிக்கையில் காற்புள்ளியை எடுத்துவிட்டு
'அல்லது' என்று எழுதினேன்.
2 அல்லது 3.
அவ்வளவுதான்.
ஒன்றரை மணி நேரம் அந்தச் சொல்லுக்கு.

ஒன்பது இருபத்தாறு: அனுப்பியாயிற்று.
ஒன்பது இருபத்தெட்டு: தேசிகனிடமிருந்து, 'போச்சா?'
'போச்சு' என்று தட்டும்போதே
அறை இருண்டது, இரண்டு நிமிஷம் முந்தி.
கப்பல்கள் மட்டும் எரிந்தன.

கைபேசி வெளிச்சத்தில் மஞ்சள் தாளில் எழுதி
திரையில் ஒட்டினேன்,
காலையில் முதலில் வருகிறவருக்கு:

நாட்டை மாற்ற வேண்டாம்.
வாக்கியத்தை மாற்றவும்.
வளையத்தைத் தொடாதீர்கள், அது கிளையண்டுடையது