என்ன லோடு?

புளியரை செக்போஸ்ட் வரை போய்விட்டோம்.
திரும்ப வேண்டிய தென்னந்தோப்பு
இரண்டு கிலோமீட்டர் பின்னால், இருட்டில்.
கைகாட்டி நிறுத்திய போலீஸ்காரர்
டார்ச்சை உள்ளே அடித்துக் கேட்டார்:
"என்ன லோடு?"

எபநேசர் வாயைத் திறக்குமுன்
நான் சொல்லிவிட்டேன்: "நாங்கதான் சார்."

அவர் சிரிக்கவில்லை.
கட்டிலைப் பார்த்தார். சிங்க்கைப் பார்த்தார்.
குப்புறக் கிடந்த தோசைக்கல்லை
விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்.
"இதுக்குள்ளயா? எத்தனை நாளைக்கு?"
அதை நாங்களே இன்னும் பேசியிருக்கவில்லை.

*

பன் வண்டி இது.
கோவில்பட்டி பேக்கரிக்காகப் பதினொரு வருடம்
விடியுமுன் ஊர் ஊராய் ரொட்டி இறக்கியது.
எத்தனை தரம் கழுவினாலும்
ஈரம் ஏறினால் உள்ளே
வனிலா எசென்ஸ் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.
வெள்ளை பெயின்டுக்கு அடியில் 'சுவை' என்பதில்
'வை' மட்டும் இன்னும் தெரிகிறது.

தோப்புக்குள் இருபத்திமூன்று வண்டிகள்.
கூரைமேல் சோலார், பக்கவாட்டில்
இழுத்தால் விரியும் பந்தல்.
ஒருவர் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்,
கையால், அவசரமே இல்லாமல்.
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று
நான் நின்றேன், வெட்டவெளியில்.

ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும்.
அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்கள்.
"லெஃப்ட்ல ஒடிங்க சார், ஒடிங்க" என்றது கோயம்புத்தூர்.
"வரட்டே... போரட்டே..." என்றது கொல்லம்.
எபநேசர் முப்பது வருடம் தாலுகா ஆபீசில்
நாற்காலியை மட்டுமே பின்னால் தள்ளியவர்.
வாய்க்கால் ஓரச் சேற்றில்
சொத்தென்று இறங்கியது பின்சக்கரம்.

பெயர் கேட்குமுன்பே தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.
ஒரு டாக்டரின் வெள்ளைச் சட்டையில்
கேரள வரைபடம் மாதிரி தெறித்தது சேறு.

கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தங்கச்சன்
தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
"லெவல் ஆயில்லா" என்றார்.
இரண்டு பலகை கொண்டுவந்தார்.
"ஒரு செறுநாரங்ஙா உண்டோ?"

இருந்தது.
கிளம்பிய அன்று பட்டறை சண்முகவேல்
எங்களைக் கேளாமலே டயருக்கு ஒன்றாய்
நாலு எலுமிச்சம்பழம் வைத்தான்.
எபநேசர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார், ஜெபம் பண்ணுவதுபோல.
மூன்று நசுங்கின. ஒன்று நழுவிச்
சாக்கடை ஓரம் போய் நின்றது.
பொறுக்கி முந்தியில் துடைத்து வைத்தேன்,
ரசத்துக்கு ஆகும்.

அது உருண்டது, கட்டிலடியிலிருந்து கதவுக்கு.
பலகை.
மறுபடி உருண்டது, கொஞ்சம் யோசித்து.
இன்னொரு பலகை.
ஒரு பழம் நிற்பதைப் பார்க்கத்
தோப்பே குனிந்திருந்தது.

*

பதிவேட்டை நீட்டினார்கள்.
பெயர். ரத்த வகை. வண்டியின் பெயர்.
மற்ற வண்டிகளுக்கெல்லாம் இருந்தது:
மேகம், ஆமை, அம்மிணி.
நிரந்தர முகவரியில் எபநேசரின் பேனா நின்றது.
வாடகை வீட்டுச் சாவியைத் திங்கட்கிழமைதான் கொடுத்தோம்.
மகளின் கதவு எண்ணைப் பாதி எழுதி,
அடித்து,
வண்டி நம்பரை எழுதினார்.
பெயரைக் காலியாய் விட்டோம்.

இரவு சாரல் பிடித்தது.
எஸ் வளைவில் மரலாரிகள்
கியர் மாற்றி முனகி இறங்கின.
எந்த மாநிலம் என்று தீர்மானிக்க முடியாமல்
செல்போன் ஒரு கம்பியும் இரண்டு கம்பியுமாய் மினுங்கியது.
எபநேசர் இருட்டில் கேட்டார்:
"கழிவுத் தொட்டியை எங்க கொட்டணுமாம்?"
"காலையில சொல்வாங்க.
புதுசா வர்றவங்களுக்குத் தனி கிளாஸாம்."
"பரீட்சை உண்டா?"
அதற்குப்பிறகு குறட்டைதான்.
நான் அடிக்கடி கைநீட்டிப்
பழத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விடியுமுன் கதவைத் தட்டினார்கள்.
பால்கேன் சைக்கிளோடு ஒரு பையன்.
இரவெல்லாம் நனைந்த வண்டியை
மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தான்.
"பன்னு இருக்காக்கா?"

இல்லை என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.