இரண்டாம் பரிசு

ஜூலை கடைசி ஞாயிறு. தூறல்.
வேல்ஸில் இதை மழை என்றால் சிரிப்பார்கள்.
நான்ட் வெலின் ஓடைக்கரையில்
முழங்கால் சேற்றில் பதினொரு பேர்
பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

இமயத்துக் காசித்தும்பை.
ஆளுயரம். இளஞ்சிவப்புத் தொப்பி போட்டு
இரு கரையிலும்
தேர் பார்க்க வந்த கூட்டம்போல் நெருக்கியடித்து நிற்கிறது.

பிடுங்குவது சுலபம், அதுதான் சங்கடம்.
முள் கிடையாது, ஆழ வேர் கிடையாது,
கழுத்தைப் பிடித்தால்
கைகொடுத்தாற்போல் வந்துவிடும்.
கொஞ்சம் எதிர்த்திருந்தால்
எங்களுக்கும் கொஞ்சம் கோபம் வந்திருக்கும்.

"அடிக்கணுவுக்குக் கீழே முறி!
கிடந்த இடத்திலேயே வேர்விடும்!"
டெலித் கத்துகிறாள்.
அஞ்சலகத்தில் தபால்தலை விற்பதும் இதே குரலில்தான்.

கெத்தின் தேனீ வளர்ப்பவன்.
செப்டம்பரில் அவன் பெட்டிகளுக்கு
இந்தப் பூதான் கடைசிப் பந்தி.
மாவு மில்லில் வேலை முடிந்து வருபவர்கள்போல்
முதுகெல்லாம் வெள்ளையாய்த் திரும்புமாம் தேனீக்கள்.
சொல்லிக்கொண்டே பிடுங்குகிறான்.
நான்கு வருடமாய் எங்களைத் திட்டுகிறான்,
ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

குளிர்காலத்தில் வந்து பார்க்க வேண்டும்.
இது செத்தபின் கரையில் புல்கூட இருக்காது,
இதன் நிழலில் எது பிழைத்தது.
வெறும் மண்ணை
வெள்ளம் கரண்டியால் வழித்துப் போகும்.
நீரெலி குடைந்த வளைகள்
பாதியில் வெட்டுண்டு
பின்சுவர் தெரியத் திறந்து கிடக்கும்.

முதல் வருடம் பாலத்தடியில் தொடங்கினோம்.
அடுத்த ஜூனில் அத்தனையும் திரும்ப.
விதை மேலிருந்து மிதந்து வருகிறது,
நாங்கள் தலைவலிக்குக் காலில் தைலம் தேய்த்திருக்கிறோம்.
பிறகுதான் மேல்நோக்கி நடந்தோம்:
இட்வாலின் ஆட்டுப்பட்டி
(இரண்டு வருடம் கதவு திறக்கவில்லை.
மூன்றாம் வருடம் அரிவாளோடு அவனே நின்றான்,
பிடுங்க),
இடிந்த மாவாலை,
பெரணிச் சரிவு.

இன்று சாண்ட்விச் தின்றுவிட்டு
இன்னும் மேலே.
இங்கே ஓடை ஒரு குழாய்த் தண்ணீர் அளவு.
தேவாலயத்தின் பின்சுவர், மழைநீர்க் கால்வாய்,
அதன் ஓரம் ஒரு பலகைக்கல் தொட்டி.
தொட்டி நிறைந்து வழிய, அதே பூ.
இதற்கு மேல் எங்கேயும் இல்லை.
கெத்தின் வேலிதாண்டிப் போய் இரண்டு முறை பார்த்தான்.

டெலித் நகத்தால் பாசியைச் சுரண்டினாள்.
ஆணியால் கீறிய கோணல் எழுத்து:
மெலெரி, வயது 9.

மெலெரி நான்தான்.

ஞாயிறுப் பள்ளியில் பூச்செடிப் போட்டி.
ரயில் பாதையோரம் பொறுக்கிய விதை,
தீப்பெட்டியில் வைத்துத் தூங்கினேன்.
எல்லோர் செடியையும்விட என்னுடையது உயரம்,
ஆனாலும் இரண்டாம் பரிசுதான்: ஒரு சாக்லெட்.
மூன்று நாள் அழுதேன்.
முதல் பரிசு வாங்கிய சூரியகாந்தி
அந்தக் குளிரிலேயே மக்கிப்போனது,
யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராமல்.

கெத்தின்தான் முதலில் சிரித்தான்.
"அப்போ என் தேனுக்கெல்லாம்
உனக்குத்தான் நன்றி சொல்லணும்."
டெலித் சிரிக்கவில்லை.
தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தைக் காட்டினாள்.
"உன் கைதான் சின்னது. நுழை."

பிடுங்கினேன்.
ஒரே ஒரு காய் முன்னதாய் முற்றியிருந்திருக்கிறது.
விரல் பட்டதும் வெடித்து,
கன்னத்தில் சுளீர்.
நான்கு விதை ஈரச் சுவரில் ஒட்டியிருந்தன, எடுத்தேன்.
ஒன்று டெலித்தின் தலைமுடியில்.
மீதி எத்தனை என்று யாருக்கும் தெரியவில்லை.

பதினொரு பேரும் மண்டியிட்டுத்
தேவாலயத்தின் பின்பக்கம் தேடுகிறோம்.
மண்ணுக்குள் இந்த விதைக்கு
இரண்டு வருடத்துக்கு மேல் ஆயுள் இல்லையாம்.
இரண்டு வருடம் நான் வர வேண்டும்.

பாலத்தடியில் இந்த வசந்தத்தில்
எத்தனையோ வருடத்துக்குப் பிறகு
ஒரு மஞ்சள் சதுப்புச் சாமந்தி பூத்தது.
படம் எடுக்கும் முன்
இட்வாலின் ஆடு தின்றுவிட்டது.
வேர் இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.