ஐந்தரை மாத்திரை

தெச்சேரா.
குறிலுக்கு ஒன்று, ஒற்றுக்கு அரை, நெடில் இரண்டுக்கும் நான்கு.
ஆக ஐந்தரை மாத்திரை.
அதற்குமேல் அவன் பெயரை நான் இழுத்ததில்லை.

பாய்சாந்து வானொலியில் இருபத்தாறு வருடம்
ஞாயிறுதோறும் தொண்டை கிழியக் கத்தியவன் நான்.
கோல் அடித்தவன் பெயருக்கு அளபெடை உண்டு,
பதினொரு வினாடி, மூச்சு முட்டும்வரை.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவில்
நாய்கள் எழுந்து குரைக்கும் என்பார்கள்.
இவன் பெயர் அப்படியல்ல.
வாங்கினான் தெச்சேரா, கொடுத்தான் தெச்சேரா.
நான் சொல்லி முடிக்குமுன் பந்து வேறொருவனிடம்.

பதினேழு வயதில் வந்தான்.
அக்கா இறைச்சி ஆலையில் எலும்பு நீக்குபவள்,
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே ஆட்டம் பார்க்க வருவாள்.
முதல் நாள் அவனைப் பற்றி நான் சொன்னது ஒன்றே ஒன்று:
"சட்டை பெரிதாக இருக்கிறது."
இருபத்தொன்றில் மொந்தெவிதேயோ.
பிறகு ஈக்வடாரில் ஒரு மலையூர், அங்கே மூச்சு வாங்கியது.
பிறகு மெக்ஸிகோ, இரண்டாம் டிவிஷன்,
ஐந்து மாதச் சம்பளம் இன்னும் பாக்கி.
அந்தக் கிளப் இப்போது இல்லை, கார் ஷோரூம் இருக்கிறது.
முப்பத்தொன்றில் திரும்பினான்
இடது முழங்காலில் மூன்று தையல் கோடுகளோடு.
சாமான் அறைப் பையன் சொன்னான்:
ஆட்டத்துக்கு முன் அரை, இடைவேளையில் ஒன்று.
அதுவும் மாத்திரைதான்.

நான் அவனைப் பார்க்கத் தொடங்கியதே அப்புறம்தான்.
மழை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். சொல்ல எதுவுமில்லை.
சும்மா எண்ணினேன்,
பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் அவன் திரும்புவதை.
இடது, வலது, மறுபடி இடது.
முதல் பாதியில் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றேழு.
இதை வானொலியில் எப்படிச் சொல்வது?
"திரும்பிப் பார்த்தான்... மறுபடி திரும்பிப் பார்த்தான்..."
கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர்
கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார்.

நானூற்று எட்டு ஆட்டம். மூன்று கோல்.
அதில் ஒன்று இவன் முதுகில் பட்டு உள்ளே போனது.
அதையும் ஸ்ட்ரைக்கர் ஒலாசாவின் பெயரில் கத்திவிட்டேன்.
திருத்தம் சொல்வதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

கடைசி ஆட்டம், எழுபத்தோராம் நிமிடம்.
பலகையில் சிவப்பில் ஐந்து.
எழுந்து நின்றேன். இந்த ஒரு முறை
அந்த ஆகாரத்தை ஆறு தாண்டும்படி இழுப்பது என்று
வாரம் முழுக்க வெந்நீரில் கொப்பளித்திருந்தேன்.
ஆனால் எங்கள் ஒலிபரப்பில்
ஆள் மாற்றத்துக்கும் ஒரு புரவலர் உண்டு.
"இந்த மாற்றத்தை உங்களுக்கு வழங்குவது
பெர்த்தொலோத்தி டயர் கடை,
நான்கு வாங்கினால் அலைன்மென்ட் இலவசம்."
முடித்து நிமிர்ந்தபோது அவன் கோட்டுக்கு வெளியே
காலுறையை இறக்கிக்கொண்டிருந்தான்.
உள்ளே வந்தவன் பெயரைச் சொன்னேன்.
பந்து அதற்குள் எறியப்பட்டிருந்தது.

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன்.
வரிசையில் நின்றான், கையில் மாத்தே இலைப் பொட்டலம், பால்.
இடது தோள். வலது தோள்.
ஓர் எட்டு விலகினான்.
வண்டி நிறைய டயப்பரோடு ஒரு பெண்
அந்த இடைவெளிக்குள் புகுந்து போனாள்,
இடம் தானாகவே இருந்தது என்ற நினைப்பில்.

தயிர் அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று
மைக் இல்லாமல், இழுக்காமல் கூப்பிட்டேன்.
அவன் திரும்பவில்லை.
கையை மட்டும் உயர்த்தினான்.
முன்பே பார்த்திருக்கிறான்.