காபி கேக்கில் காபி இல்லை

காபி கேக்கில் காபி கிடையாது.
காபியோடு தின்பதால் அந்தப் பெயராம்.
அப்படிப் பார்த்தால்
நாலு நாளாக எங்கள் வீட்டில் நடப்பதும்
காபிச் சண்டைதான்.
டம்ளரை நங்கென்று வைப்பேன்.
எடுத்துக் குடிப்பார்.
சீனி போதுமா என்று நான் கேட்பதில்லை,
போதாது என்று அவரும் சொல்வதில்லை.

அறுபதாயிரம்.
தங்கை வீட்டுக்காரர் லோடு வண்டிக்கு டயர் மாற்ற.
கொடுத்தது கூடப் பெரிதில்லை,
கொடுக்கவில்லை என்றாரே, அது.

சனிக்கிழமை அழகர்கோவில் பஸ் ஏறினேன்.
சாமிக்காக இல்லை, வீட்டில் இருக்கப் பிடிக்காமல்.
கடச்சனேந்தல் தாண்டியதிலிருந்து
ஆடிக் காற்று சன்னல் கண்ணாடியைத்
தடதடவென்று ஆட்டிக்கொண்டே வந்தது.
அடிவாரத்தில் ஓலைக்கொட்டான் நிறைய நாவற்பழம்.
"சுட்டதா சுடாததான்னு மட்டும் கேட்றாதீங்க தாயி,
காலைல இருந்து ஒம்பது பேரு கேட்டாச்சு,
ஒருத்தரும் வாங்கல."
நான் கேட்கவில்லை.
கேட்க வாயெடுத்தது உண்மை.
அரைக்கிலோ வாங்கினேன்.
அதில் ஒரு கைப்பிடி குரங்குக்குப் போனது,
கொடுத்ததல்ல.

செசிலியா டீச்சர் எழுதித் தந்த தாளில்
பெரி இரண்டு கப் என்றிருந்தது.
எந்தப் பெரி, எந்தக் கப்?
கொட்டையோடு இருந்தாலும் எங்கள் ஊர்ப் பெரி இதுதான்.
கப்புக்கு அவருடைய பித்தளை டம்ளர்.
கொட்டை நீக்கி முடித்தபோது
பத்து விரலும் ஓட்டுப் போட்டிருந்தன.

வெண்ணெயும் சீனியும் குழைய, முட்டை ரெண்டு,
புளித்த தயிர் ஒரு கரண்டி, சோடா உப்பு சிட்டிகை,
மைதாவைச் சலித்துக் கொட்டி
ஒரே பக்கமாகக் கிண்டினேன்.
மேலே தூவுவதற்கு
நாட்டுச்சர்க்கரை, பட்டைத்தூள், மாவு, கொஞ்சம் வெண்ணெய்,
புட்டுக்குப் பிசிறுகிற மாதிரி விரல்நுனியில்.
ஓவன் இல்லை.
குக்கரில் வாஷரை உருவி வெயிட்டை எடுத்துவிட்டு
அடியில் கல்லுப்பு பரப்பி ஏற்றினேன்.
விசில் அடிக்காத குக்கர்.
வீட்டில் அதுவும் பேச்சை நிறுத்திக்கொண்டது.

அரைமணியில் பட்டை வாசம் மாடிக்கு ஏறியது.
"ஆடி வெள்ளி முடிஞ்ச மறுநாளே பிரியாணியா?"
கைப்பிடிச்சுவரில் கோதாவரியம்மாவின் தலை.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஈர்க்குச்சி குத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை.
ஆனால் பழம் ஒன்றைக்கூடக் காணோம்.
உலர்ந்த மாவில் புரட்டிப் போடாவிட்டால்
பழம் அடியில் இறங்கிவிடும்,
தாளின் பின்பக்கம் எழுதியிருந்தது.
தாளுக்குப் பின்பக்கம் உண்டென்று எனக்குத் தெரியாது.
தட்டில் கவிழ்த்தேன்.
மொத்தப் பழமும் அங்கேதான் இருந்தது,
கருநீலமாக, கசிந்துகொண்டு.

ராத்திரி ஒரு துண்டை டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.
"பசிக்கல" என்றார் சுவரைப் பார்த்து.
நாலு நாளில் முதல் சொல்.

விடியுமுன் அடுக்களையில் மூடி நகர்ந்தது.
எழுந்திருக்கவில்லை நான்.
ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டோடு வந்தவரிடம்
பாதிக் கேக்கைக் காணோமே என்றேன்.
"பூனையா இருக்கும்."
சொல்ல வாயைத் திறந்தார், பாவம்.
நாக்கு முழுக்க ஊதா.

அறுபதாயிரம் இன்னும் அறுபதாயிரம்தான்.
குக்கர் அடி கறுத்துவிட்டது,
ஒரு வாரம் தேய்க்க வேண்டும்.
டம்ளரை வைத்தபோது சத்தம் வரவில்லை.
"சீனி?" என்றேன்.
"அரை ஸ்பூன்" என்றார்.

அப்புறம் பல் விளக்கக் கண்ணாடி முன் நின்றேன்.
ராத்திரி ஒரு மணிக்கு
நானும் ஒருமுறை அந்த மூடியை நகர்த்தியிருந்தேன்.
நாக்கை நீட்டிப் பார்த்தேன்.
நல்ல ஊதா.
அவருக்குத் தெரியாமல் கட்டுகிற சீட்டு
இந்த மாதத்தோடு பதினெட்டு.
பிரஷ்ஷில் பேஸ்ட்டைக் கொஞ்சம்
கூடுதலாகவே வைத்தேன்.